கிரெடிட் கார்டின் ‘வட்டியில்லாப் பணம்’ முதலீட்டுக்கு ஆகுமா?

ஓணத்துக்கு முன்பே தொடங்கி தீபாவளி கழியும்வரை குமரி மாவட்டத்தின் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடை வாசல்களில் ‘0% வட்டி’, ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ பலகைகள் நிற்கும். கைப்பேசியைத் திறந்தால் அதற்கு அடுத்த கட்ட யோசனை வருகிறது: வீட்டுச் செலவு முழுவதையும் கார்டில் போடு, கையில் நிற்கும் சம்பளத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடு, வங்கியின் காசில் நீ சம்பாதி. வட்டி இல்லாமல் வாங்கி வட்டி வரும் இடத்தில் போட்டால் நட்டம் எங்கிருந்து வரும் என்று பலரும் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆதாயம் இருக்கவும் செய்கிறது. ஆனால் அது வருடத்துக்குச் சில நூறிலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை மட்டுமே. ஒரே ஒரு மாதம் பிசகினால் அந்த ஒரு வருட ஆதாயம் முழுவதும் போய்விடும். இந்த அளவுகள் எப்படி வருகின்றன என்பதைக் கீழே கணக்கோடு பார்க்கலாம்.

‘வட்டியில்லை’ என்று விற்கப்படுபவை

ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1. வட்டியில்லாக் காலம். கார்டில் பொருள் வாங்கிய நாளிலிருந்து பில்லின் கடைசித் தேதி வரை உள்ள இடைவெளி. பெரும்பாலான கார்டுகளில் இது 20 நாளிலிருந்து 50 நாள் வரை. மாதம் 12-ஆம் தேதி பில் போடும் கார்டில் 13-ஆம் தேதி வாங்கினால் சுமார் 50 நாள் கிடைக்கும். 11-ஆம் தேதி வாங்கினால் 21 நாள்தான். முந்தைய பில்லில் ஒரு ரூபாய் பாக்கி வைத்திருந்தாலும் இந்தச் சலுகை பொதுவாக ரத்து.

2. நோ காஸ்ட் இஎம்ஐ. பொருளின் விலையை 3, 6, 9, 12 மாதத் தவணையாகப் பிரிப்பது. வட்டி உண்டு. அதைத் தயாரிப்பாளரோ கடையோ தள்ளுபடியாக ஈடு கட்டுகிறது.

3. பாக்கி மாற்றம். ஒரு வங்கிக் கார்டின் பாக்கியை இன்னொரு வங்கிக் கார்டுக்கு மாற்றுவது. முதல் இரண்டு மூன்று மாதம் வட்டி இல்லை என்று சொல்லி, முன்கூட்டியே ஒரு கட்டணம் பிடிப்பார்கள்.

4. கார்டின் மேல் கடன். கார்டு வரம்பின் பேரில் வங்கி உங்கள் கணக்கில் ரொக்கமாகவே போடும் தனிநபர் கடன். இதில் 0% கிடையாது. ஆனால் ‘மாதம் வெறும் 1%’ என்று காதில் விழும்.

கடைசியில் உள்ளதை முதலில் முடித்துவிடலாம். அந்த 1% முழு அசலுக்கும் கடைசி மாதம்வரை போடப்படும் வட்டி என்றால், ஒரு லட்சத்துக்கு 12 மாதத் தவணை ரூ.9,333. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5%. இதை வாங்கி முதலீடு செய்வது பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

வெளிநாட்டில் ஓடும் வித்தை இங்கே ஏன் ஓடாது

இந்த யோசனையின் ஊற்று பிரிட்டனும் அமெரிக்காவும். இந்த மாவட்டத்திலிருந்து செவிலியர் வேலைக்குப் போனவர்கள் அங்கே அதைப் பார்த்திருப்பார்கள். பிரிட்டனில் வாங்கும் பொருள்களுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் 0% தரும் கார்டுகள் உண்டு. கட்டணம் பிடித்துக்கொண்டு கார்டு வரம்பிலிருந்து வங்கிக் கணக்குக்கே 0%-இல் ரொக்கம் அனுப்பும் கார்டுகளும் உண்டு. அமெரிக்காவில் 2009-இல் வந்த கார்டு சட்டப்படி, அறிமுகச் சலுகை வட்டி குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும். ஆகவே அங்கே ஒருவர் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு, மீதியைச் சேமிப்புக் கணக்கில் வைத்து, கெடு முடியும்போது மொத்தமாகத் திருப்பித் தர முடியும்.

இந்தியக் கார்டில் அந்த வசதி இல்லை. இங்கே குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டி தொடங்கிவிடும். அதுவும் மாதம் 3 முதல் 3.75%, ஆண்டுக்கு 36 முதல் 45%. அதன்மேல் 18% ஜிஎஸ்டி. சாதாரண வங்கிக் கடனின் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. கார்டு வட்டிக்கு 30% உச்சவரம்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அப்படி ஓர் உத்தரவு போட்டது உண்மைதான். 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

கையில் நிற்பது யாருடைய பணம்?

மியூச்சுவல் ஃபண்டுக்கோ பங்குத் தரகர் கணக்குக்கோ கிரெடிட் கார்டால் பணம் கட்ட முடியாது. உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் இரண்டாம் அடுக்குக் கணக்கில் கார்டு வழி இருந்தது. 2022 ஆகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. ஆக, ‘கார்டில் முதலீடு’ என்று பேச்சில் சொல்வது நடைமுறையில் ஒன்றுதான்: செலவைக் கார்டுக்குத் தள்ளிவிட்டு, அந்தச் செலவுக்கு வைத்திருந்த உங்கள் சொந்தப் பணத்தைச் சில நாள் வேறிடத்தில் வைப்பது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மாதம் ரூ.40,000 வீட்டுச் செலவு என்று வைப்போம். முதல் மாதம் செலவு முழுவதும் கார்டில் போனதால் சம்பளத்தில் 40,000 மிஞ்சுகிறது. அடுத்த மாதம்? அந்த மாதச் செலவும் கார்டில்தான். ஆனால் அந்த மாதச் சம்பளத்திலிருந்து போன மாத பில் 40,000-ஐக் கட்ட வேண்டும். புதிதாக எதுவும் மிஞ்சாது. மிஞ்சியது முதல் மாதம் ஒரே ஒரு தடவை. ‘மாதாமாதம் 40,000 கூடுதலாக எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் போடும் முதலீடு) போடலாம்’ என்று சொல்பவர், முதல் மாத மிச்சத்தைப் பன்னிரண்டு தடவை எண்ணுகிறார்.

செலவுகள் சராசரியாக 35 நாள் கழித்துக் கட்டப்படுகின்றன என்றால், எப்போதும் உங்களிடம் தங்கியிருக்கும் தொகை 40,000 × 35 ÷ 30, அதாவது சுமார் ரூ.46,670. அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆண்டு வருமானம்:

1. 2.5% வட்டி தரும் சேமிப்புக் கணக்கில்: ரூ.1,167.
2. லிக்விட் ஃபண்டிலோ (மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்டு) குறுகிய கால வைப்பிலோ, தாராளமாக 6.5% என்று வைத்தால்: ரூ.3,033.

வரிக்கு முன் உள்ள தொகை இது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது தரும் கடனின் வட்டி) குறைத்துவந்த பிறகு, குறுகிய காலப் பணத்துக்கு 6.5% கிடைப்பதே அதிர்ஷ்டம்தான். ஆனாலும் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு மாதம் தவறினால்

ஒருவர் அதே 40,000-ஐ ஆகஸ்ட் 13-இல் செலவழித்தார் என்று வைப்போம். செப்டம்பர் 12-இல் பில் வந்தது. கடைசித் தேதி அக்டோபர் 2. அன்று முழுத் தொகைக்குப் பதில் குறைந்தபட்சத் தொகையான 5%, அதாவது ரூ.2,000 மட்டும் கட்டினார். கார்டு வட்டி மாதம் 3.5%, ஆண்டுக்கு 42%.

வட்டி அக்டோபர் 2-லிருந்து தொடங்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படித் தொடங்காது, பொருள் வாங்கிய நாளுக்கே பின்னோக்கிப் போகும்.

1. ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 2 வரை 50 நாள், 40,000-க்கு: ரூ.2,301.
2. அக்டோபர் 2 முதல் அடுத்த பில் நாளான 12 வரை 10 நாள், 38,000-க்கு: ரூ.437.
3. இரண்டுக்கும் சேர்த்து 18% ஜிஎஸ்டி: ரூ.493.

மொத்தம் ரூ.3,231. வருடம் முழுவதும் தேதி தவறாமல் ஓடிச் சேர்த்த 3,033-ஐவிட அதிகம். இதோடும் முடியவில்லை. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் அரிசி, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. பாக்கி முழுவதையும் கட்டிய அடுத்த பில்லிலும் ஒரு சிறு தொகை வட்டியாக வந்து நிற்கும். அது பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாள்களுக்கானது. வங்கியின் தவறு என்று எண்ணிக் கட்டாமல் விட்டால் அதுவும் வளரும்.

தாமதக் கட்டணம் தனி. 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கடைசித் தேதி கழிந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் அதைப் போடலாம். அந்த மூன்று நாள் தாமதக் கட்டணத்துக்கான கெடு. வட்டிக்கும் அதே சலுகை என்று எண்ணிவிட வேண்டாம்.

நோ காஸ்ட் இஎம்ஐ: பிரித்துப் பார்த்தால்

முதலீட்டு யோசனைக்குக் கொஞ்சமாவது இடம் தருவது இந்த ஒன்றுதான். காலம் நீளம், தவணை நிச்சயம். அதனால் கணக்கை முழுதாகப் போடலாம்.

ரூ.60,000 விலையுள்ள மடிக்கணினி, 12 மாதம், மாதம் ரூ.5,000. வங்கி போடும் வட்டி ஆண்டுக்கு 16%. வங்கி உங்களுக்கு 60,000 கடன் தருவதில்லை. 16% வட்டியோடு மாதம் 5,000 வீதம் 12 மாதத்தில் தீரக்கூடிய கடன் ரூ.55,108. மீதி ரூ.4,892-ஐக் கடையோ தயாரிப்பாளரோ தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள். அதையே நீங்கள் வட்டியாக வங்கிக்குக் கட்டுகிறீர்கள். கூட்டினால் 60,000. விளம்பரம் சொன்னது அந்த அளவுக்குச் சரி.

விளம்பரத்தில் இல்லாதவை:

1. அந்த 4,892 வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, தவணைகளோடு சிறிது சிறிதாக: ரூ.881.
2. பரிசீலனைக் கட்டணம், ரூ.199 என்றால் வரியோடு: ரூ.235.

‘காஸ்ட் இல்லாத’ தவணைக்கு ரூ.1,116 ஆகிறது. வட்டியைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து 0% என்று விற்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே கண்டித்தது. 2022 விதிகளில் அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே வாங்கும்போது திரையில் அந்த மூன்று எண்களும் இருக்கும். பார்க்காமல் ஓடிபியைச் சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

இனி வரவுப் பக்கம். உங்கள் 60,000-ஐத் தனியே வைத்து, அதிலிருந்து மாதம் 5,000 எடுத்துத் தவணை கட்டுகிறீர்கள். முதல் மாதம் 60,000, அடுத்து 55,000, கடைசி மாதம் 5,000. வருடம் முழுவதும் 60,000 உழைப்பதாக நினைப்பது தவறு; சராசரியாக உழைப்பது 32,500. 6.5% வீதம் அதற்கு ரூ.2,112 வரும். செலவு 1,116 போனால் மிச்சம் ரூ.996. 20% வரி அடுக்கில் இருப்பவர் செஸ்ஸோடு 20.8% கட்டிய பின் மிச்சம் சுமார் ரூ.557. புதிய வரி முறையில் 2025-26 முதல் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வைப்பு வட்டிக்கும் வரி வராது. அவருக்கு அந்த 996 முழுதாக நிற்கும். பணத்தைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் 2.5%-க்கே விட்டிருந்தால் வருமானம் ரூ.812, அதாவது 304 ரூபாய் கைநட்டம்.

ஆனால் இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது வரி அல்ல, பேரம். செட்டிகுளத்திலோ வடசேரியிலோ ஒரு கடைக்காரரிடம் “இஎம்ஐ வேண்டாம், மொத்தமாகத் தருகிறேன், கடைசி விலை என்ன?” என்று கேட்டால் சும்மா அனுப்பமாட்டார். 3% குறைத்தாலே ரூ.1,800. நோ காஸ்ட் தவணையில் அதை இழந்து, முதலீட்டில் 557-ஐ ஈட்டுவதில் பொருளில்லை. இணையக் கடைகளிலும் மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் உடனடித் தள்ளுபடி, தவணை என்று அழுத்தியதும் சில நேரம் காணாமல் போகும். தவணைக்கு ரிவார்டு புள்ளிகளும் பல கார்டுகளில் கிடையாது. முதலில் கேட்க வேண்டியது இந்த விலையைத்தான். இரண்டு வழிக்கும் ஒரே விலை என்று உறுதியான பிறகு தவணைக் கணக்கைப் பார்க்கலாம்.

திருப்பிக் கொடுக்கும் பொருளிலும் ஒரு சிக்கல் உண்டு. பொருளைத் திருப்பினால் கடை பணத்தைத் தந்துவிடும். ஆனால் தவணைக் கடனை ரத்து செய்யச் சொல்லி வங்கியிடம் நீங்கள் கேட்காவிட்டால் சில வங்கிகளில் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். கட்டிய பரிசீலனைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் பெரும்பாலும் திரும்பாது. நடுவில் கடனை முன்கூட்டி முடித்தால் மீதி அசலில் 3% அளவுக்கு முடிப்புக் கட்டணம் கேட்கும் வங்கிகள் உண்டு.

நகைக்கு இந்த வழியே இல்லை. நகைக்கடையில் தேய்த்த தொகையைத் தவணையாக மாற்ற வங்கிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. 3% ஜிஎஸ்டி, செய்கூலி, சேதாரம் எல்லாம் போன பின் 50 நாளில் தங்கம் ஏறி லாபம் தரும் என்று கார்டில் வாங்குவது சூதாட்டத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

பாக்கி மாற்றமும் ‘கார்டு தேய்த்து ரொக்கமும்’

பாக்கி மாற்றத்தில் ‘3 மாதம் 0%, கட்டணம் 2%’ என்றால் ஒரு லட்சத்துக்குக் கட்டணம் 2,000, ஜிஎஸ்டி 360. மூன்று மாதத்துக்கு 2,360 என்பது ஆண்டுக்கு 9.44%. அதே மூன்று மாதம் 6.5%-இல் கிடைப்பது 1,625. ஏற்கெனவே 42%-இல் மாட்டியவர் தப்பிக்க இது நல்ல ஏணி. முதலீடு செய்ய நினைப்பவருக்கு 735 ரூபாய் நட்டம்.

ஏடிஎம்-இல் கார்டைப் போட்டு எடுத்தால் வட்டியில்லாக் காலமே கிடையாது. எடுத்த நொடியிலிருந்து வட்டி, கூடவே 2.5% அளவில் கட்டணம்.

கடையில் தேய்த்து, கமிஷன் போக ரொக்கம் வாங்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. 2.5% கமிஷன் சின்னதாகத் தோன்றும். 45 நாளுக்கு 2.5% என்றால் ஆண்டுக்கு 20%-க்கு மேல். அது போக, பொருள் விற்காமல் விற்றதாகக் காட்டுவது கடைக்காரர் வங்கியோடு செய்த ஒப்பந்தத்தை மீறுவது. ஒரே கடையில் முழு எண்களாகத் திரும்பத் திரும்பத் தேய்ப்பதை வங்கியின் கண்காணிப்பு எளிதில் பிடிக்கும். கார்டு முடங்கி, முழுப் பாக்கியையும் உடனே கட்டச் சொல்லும்போது, பணம் ஃபண்டிலோ நிலத்துக்குக் கொடுத்த அட்வான்ஸிலோ மாட்டியிருக்கும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யோடு இணைக்க 2022-இல் அனுமதி வந்த பிறகு, தெரிந்தவர் கடை கியூஆரில் தட்டி ரொக்கம் வாங்குவதும் நடக்கிறது. பெயர்தான் புதிது. தனிநபருக்கு அந்த வழியில் பணம் அனுப்ப விதிப்படி இடமில்லை.

பங்குச் சந்தையில் போட்டால்?

6.5% சிறிது, 12% வேண்டும் என்று பங்கு ஃபண்டுக்குப் போகிறவர்கள் உண்டு. நீண்ட காலச் சராசரியை 50 நாளைக்கோ 12 மாதத்துக்கோ எதிர்பார்க்க முடியாது. 2020 மார்ச் 23 அன்று பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13% விழுந்தது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில், 6% அளவுக்கு. அன்று காலை உங்கள் பில்லுக்குக் கடைசித் தேதியாக இருந்தால் இரண்டே வழி: நட்டத்துக்கு விற்பது, அல்லது 42% வட்டிக்குப் போவது. மேலே சொன்ன 46,670 ரூபாயில் 10% சரிவு என்றால் ரூ.4,667. ஏறினாலும் ஒரு வருடத்துக்குள் விற்கும் பங்கு ஃபண்டின் லாபத்துக்கு 2024 ஜூலை 23-லிருந்து 20% வரி. கடன் தேதி நிச்சயமாகவும் முதலீட்டு மதிப்பு நிச்சயமற்றும் இருக்கும் எந்த ஏற்பாடும் கடைசியில் இந்த இடத்தில்தான் முட்டும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

மாதச் சம்பளம் ஒரே தேதியில் வரும் ஆசிரியர், அரசு ஊழியர், போக்குவரத்துக் கழக ஊழியர் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். இந்த மாவட்டத்தில் பலருக்கு வருமானம் அப்படி வருவதில்லை.

மீன்பிடித் தடைக்காலமே ஊருக்கு ஊர் மாறும். சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு மாதம் கடலுக்குப் போகாத வீட்டில் 12 மாதத் தவணையின் இரண்டு தவணை வருமானமில்லாக் காலத்தில் விழுகிறது. குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் மரம் இலையுதிர்க்கும்போதும் மழை பிடித்து நிற்கும்போதும் பால்வெட்டு நிற்கும். ஷீட் விலை வேறு ஏறி இறங்கும். வெளிநாட்டுப் பணத்தை நம்பும் வீடுகளில் சம்பளம் பத்து நாள் தள்ளிப் போவது புதிதல்ல. இவர்களிடம் கார்டு இருப்பது தப்பில்லை. கார்டு பில்லுக்கான பணத்தை வேறிடத்தில் சுழற்றுவதுதான் ஆபத்து.

வியாபாரிக்குக் கணக்கே வேறு. கோட்டாறு மொத்தக் கடையில் சரக்கெடுத்து முப்பது நாளில் விற்றுத் தீர்க்கிறவருக்கு 45 நாள் வட்டியில்லாக் காலம், எந்த ஃபண்டும் தராத பலனைத் தரும். ஆனால் கார்டுக்கு மொத்தக் கடை 2% கூட்டிக் கேட்டால் அதுவும் அடிபட்டுப் போகும்.

இன்னொரு கூட்டம், அடுத்த ஆறு மாதத்தில் வீட்டுக் கடன் கேட்கப் போகிறவர்கள். ஒரு லட்சம் வரம்புள்ள கார்டில் 40,000 பில் நின்றால் பயன்பாடு 40%. 30%-க்குக் கீழே வைத்திருப்பது கடன் ஸ்கோருக்கு (கடன் தருமுன் வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) நல்லது என்பது பொதுவான அளவுகோல். 2025 ஜனவரியிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது விவரம் தர வேண்டும். பெரிய பில் சீக்கிரமே தெரிந்துவிடும். ஸ்கோர் குறைந்து வீட்டுக் கடன் வட்டி கால் சதவீதம் ஏறினால், 20 லட்சத்துக்கு முதல் வருடமே ரூ.5,000. கார்டில் மிச்சம் பிடித்த 3,033 எங்கே போயிற்று?

செய்வதென்றே முடிவெடுத்தால்

1. வாங்கும் பொருளுக்கான முழுப் பணமும் அன்றே உங்களிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இது முதலீடு இல்லை, கடன்.

2. பில் தேதியை மாற்றக் கேளுங்கள். குறைந்தது ஒரு தடவை மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி விதி தருகிறது. சம்பளம் வந்து நாலைந்து நாள் கழித்துக் கடைசித் தேதி விழும்படி வையுங்கள்.

3. தானியங்கிப் பிடித்தம் போடும்போது ‘முழுத் தொகை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘குறைந்தபட்சத் தொகை’ என்று தெரியாமல் அழுத்திவிட்டு, எல்லாம் தானாகக் கட்டப்படுகிறது என்று இருந்தவர்களின் வட்டிதான் வங்கிக்கு எளிதில் வரும் வருமானம்.

4. பணத்தைச் சேமிப்புக் கணக்கோடு இணைந்த ஸ்வீப் வைப்பிலோ (கூடுதல் இருப்பு தானாக வைப்பாக மாறும் ஏற்பாடு) லிக்விட் ஃபண்டிலோ வையுங்கள். லிக்விட் ஃபண்டில் போட்டு ஏழு நாளுக்குள் எடுத்தால் சிறு வெளியேற்றக் கட்டணம் உண்டு. ஏழு நாளுக்குக் குறைவான பணத்துக்கு அது வேண்டாம்.

5. ஃபண்டிலிருந்து எடுத்தால் பணம் அடுத்த வேலை நாளில்தான் வரும். வேலை நாள் என்பது மும்பைக் கணக்கு. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டாலும் மும்பை இயங்கும்; சிவாஜி ஜெயந்திக்கு நாகர்கோவிலில் எல்லாம் திறந்திருக்க, மும்பை வங்கிகள் மூடியிருக்கும். கடைசித் தேதிக்கு மூன்று வேலை நாள் முன்பே எடுத்துவிடுங்கள்.

6. இஎம்ஐ என்றால், திரையில் வரும் அசல், வட்டி, தள்ளுபடி, பரிசீலனைக் கட்டணம் நான்கையும் படம் பிடித்து வையுங்கள். பின்னால் வேறு எண் வந்தால் அதுதான் ஆதாரம்.

7. இந்த ஆதாயத்துக்காக ஆண்டுக் கட்டணக் கார்டு எடுக்க வேண்டாம். ரூ.1,000 கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,180; சேமிப்புக் கணக்கில் வைத்து வருடம் முழுவதும் கிடைக்கும் 1,167-ஐவிட அதிகம்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்

சந்தை இறங்கி, பில் நின்று, வட்டி ஓடத் தொடங்கியிருந்தால் ‘சந்தை ஏறட்டும்’ என்று காத்திருப்பது மிக விலையுயர்ந்த முடிவு. 40,000 பாக்கி மூன்று மாதம் நின்றால் 42% வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறக்குறைய ரூ.4,950, அதுவும் வட்டிக்கு வட்டி சேர்க்காமல். அந்த மூன்று மாதத்தில் 12% ஏறும் ஃபண்டு உங்களிடம் இருக்கிறதா?

முதலில் ஃபண்டை நட்டத்துக்கானாலும் விற்றுப் பாக்கியை அடைத்துவிடுங்கள். அது போதாவிட்டால் வீட்டில் இருக்கும் நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வையுங்கள். 10% வட்டி என்றால் அதே 40,000-க்கு மூன்று மாத வட்டி ரூ.1,000. நகை இல்லையென்றால் பாக்கி மாற்றம், அல்லது கார்டு பாக்கியையே குறைந்த வட்டித் தவணையாக மாற்றச் சொல்லிக் கேட்பது. இந்த இடைக்காலத்தில் கார்டைப் புதிய செலவுக்குப் பயன்படுத்தாதீர்கள். வட்டியில்லாக் காலம் அப்போது இல்லை.

பாக்கியைத் தீர்த்துக் கார்டை மூடச் சொன்னால் வங்கி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு ரூ.500 வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022 விதி. சொல்லாத கட்டணம் பிடித்திருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம், தகவலுக்கு 14448. புகாரோடு பில், படம் பிடித்த இஎம்ஐ விவரம், வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகல் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.